உன் பொட்டில் ஓடிய பாலாறு

மச்சான்,

இன்று செங்கல்பட்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர், வறுகடலை மென்றுகொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தித் தாடையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பூமி ஏழு சுற்றுச் சுற்றி நின்றது. "தலை சீவினா நோவுதா? கண்ணு மங்குதா?" என்று போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். "பல்லு ஆடுது அண்ணாத்த, வுடு" என்றார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

உனக்கும் தாடையில்தானே தொடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷ வாக்கில் இருக்கும். வயசு அறுபதைத் தாண்டியும் சதுரங்கப்பட்டினத்துக்கே சட்டை தைத்துக்கொண்டிருந்தாய். "மென்னா தாடை நோவுது மச்சான். தொப்பி பட்டாலே மண்டை எரியுது" என்றாய். நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பு கயிறாய்ப் புடைத்திருந்தது. நான் சும்மா இருப்பேனா? டீக்கடைக்கு இழுத்துப்போய், "பாருங்கய்யா, பாலாறு கடலுக்குப் போவாம என் மச்சான் மண்டைக்குத் திரும்பிக்கிச்சு! நாளைலேர்ந்து ஓடம் வுடறோம்" என்று முழங்கினேன். கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய், தாடையைப் பிடித்துக்கொண்டு.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஊசியில் நூல் கோக்கும்போது வலக்கண்ணில் திரை விழுந்து, கொஞ்ச நேரத்தில் விலகியது. "ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று என்னைத்தான் கேட்டாய்.

"டென்ட் கொட்டாய்ல இன்டர்வல் வுடறதில்லியா? உன் கண்ணும் வுட்டுக்கீது."

நீ போகவில்லை.

நாலாம் நாள் அந்தக் கண் அணைந்தது. தூசு என்று சொல்லித் தாய்ப்பால் விட்டோம். மறுநாள் மற்றதும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார். "ரத்தக்குழாய் வீக்கம்யா இது. கண்ணுக்குப் போற ரத்தமே நின்னுபோச்சு. மொதல்ல இருட்டுனப்பவே வந்திருந்தா, புதுசா வந்திருக்கிற மருந்தைக் குடுத்துப் பார்வையைக் காப்பாத்தியிருக்கலாம்."

உள்ளே வந்தேன். என் கையைத் துழாவிப் பிடித்தாய். "இன்னா சொன்னாரு? உன் புளுகெல்லாம் வாணாம் மச்சான்."

"எப்ப வந்திருந்தாலும் இதான்னாரு."

"அப்போ யார் மேலயும் தப்பில்லே" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாய்.

வங்கக் கடலையே குடத்தில் மொண்டு வந்ததாக உன்னிடம் எத்தனை அளந்திருப்பேன்! ஒன்றையாவது நீ நம்பியதுண்டா? இதை நம்பினாய். எட்டு வருஷம் இருட்டில் உட்கார்ந்திருந்தாய். தினமும் உன் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம்பியபடியே போய்ச் சேர்ந்தாய்.

தட்டிக்கொடுத்த அந்தக் கையை என் கைமேலிருந்து எடுக்க முடியவில்லை, மச்சான்.