எங்கள் கம்பெனிக்கு மூன்று வயது

நவம்பர் 17, 2025 – திங்கள்

காலையிலிருந்து தலை நிமிரவில்லை. மலையில் எங்களுக்குச் சாமை தரும் வெள்ளச்சியக்காவின் வீடியோவை ஆறு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். மொத்தமே நாற்பது விநாடி. உரலில் சாமை குத்திக்கொண்டே, படம் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "சும்மா நின்னுக்கினு படம் புடிக்கிறியே, வந்து ரெண்டு குத்து குத்தேன்" என்கிறார். அவ்வளவுதான்! மாதக்கணக்கில் நான் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிப் போட்ட சத்துணவுக் குறிப்புகளை மொத்தம் நாற்பது பேர் பார்த்திருப்பார்களா?

ஆனாலும் வாய் நிறையச் சிரிப்புதான். கச்சிராயபாளையம் ரோட்டில் உரக்கடைக்கு மேல்மாடி, ஒரு தராசு, தமிழண்ணன், நான். இதுதான் 'மேட்டுக்கொல்லை' என்கிற எங்கள் ஸ்டார்ட்அப். கல்வராயன் மலையில் முப்பத்தெட்டுக் குடும்பங்கள் விளைவிக்கும் சாமையை வாங்கி, உமி நீக்கி, ஊர் ஊராக அனுப்புகிறோம். எங்களுக்கென்று ஒரு ஆப் இருக்கிறது. பதினேழு பேர் இறக்கியிருக்கிறார்கள், அதில் நாங்களே நாலு பேர். உண்மையில் கடை நடப்பது சோஷியல் மீடியாவில் நாங்கள் வைத்திருக்கும் பக்கத்தில்தான். பக்கத்துக்கு மெசேஜ் வரும், விலாசம் வரும், பார்சல் போகும்.

தமிழண்ணனை முதலாளி என்றால் கோபம் வரும். ஃபவுண்டர் என்று சொல்ல வேண்டுமாம். சரிங்க ஃபவுண்டர்.

நவம்பர் 21 – வெள்ளி

வெள்ளிக்கிழமை என் வேலை எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. மலையில் பல பெண்களுக்குப் படிக்க வராது. அதனால் அந்த வாரம் சாமை கேட்டவர்களின் பெயரை நான் குரல் மெசேஜாக வாட்ஸ்அப் குழுவில் சொல்வேன். "வெள்ளச்சிக்கா, உங்க சாமைய பெரம்பூர்ல ஆண்டாள்னு ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க, ரெண்டு கிலோ." டவர் கிடைக்கிற மேட்டுக்கு வரும்போது அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். பதில் எல்லாம் கேள்வியாகத்தான் வரும். "டீச்சருக்குப் புள்ளைங்க எத்தினி?" எனக்கு எப்படித் தெரியும் அக்கா!

வீடியோ போட்ட பிறகு புதிதாகக் கேட்டவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். போன வெள்ளியும் இன்றுமாக எல்லார் பெயரையும் சொல்லி முடித்தேன், தொண்டை கட்டிவிட்டது. கடைசி நூறு பேருடைய மெசேஜை முழுக்கத் திறக்கவில்லை, பெயரும் ஊரும் மட்டும் பார்த்தேன். சிலர் முதல் வரியில் ஊரே போடவில்லை. விலாசங்களை அடுத்த வாரம் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.

வடக்கனந்தல் மில்லில் அத்தனை பேருக்கும் சேர்த்து உமி நீக்கியாயிற்று. உமி போன சாமை ரொம்ப நாள் தாங்காது. ரெண்டு மாதம் தாண்டினால் சிக்கு வாடை வந்துவிடும். சீக்கிரம் அனுப்ப வேண்டும்.

நவம்பர் 24 – திங்கள்

கம்பெனிக்கு இன்று பிறந்தநாள். 2022இல் இதே நாளில்தான் தமிழண்ணன் ஆரம்பித்தார். ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். பக்கத்திலும் கொண்டாடலாமே என்று 'பிறந்த தேதி' என்ற கட்டத்தில் இன்றைய தேதியையும் 2022 என்ற வருடத்தையும் போட்டேன். பலூன் பறக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

நாலு மணிக்குப் பார்த்தால் பக்கமே இல்லை. "இப்பக்கம் கிடைக்கவில்லை" என்கிறது. உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு விலாசம்.

நவம்பர் 25 – செவ்வாய்

முந்நூறு தடவை திறந்து பார்த்திருப்பேன். இல்லை.

நவம்பர் 26 – புதன்

ஐயோ. ஐயோ ஐயோ.

மெயில் வந்திருக்கிறது. பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் பக்கம் வைத்திருக்கக் கூடாதாம். அதனால் மூடிவிட்டார்களாம். நான் கம்பெனியின் வயதைச் சொன்னேன், அந்த மெஷின் மூன்று வயதுக் குழந்தை கடை நடத்துகிறது என்று எடுத்துக்கொண்டது! பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவடி நீ. முதல் வகுப்பு. வெட்கமா இல்ல?

அண்ணன் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். "எவனோ உள்ள பூந்துட்டான் நிர்மலா" என்றார். நான் தலையாட்டினேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பயம். போன வருடம் சென்னைக் கம்பெனியில் ஒரே ஒரு வீடியோ கால், பத்து நிமிடம், நாற்பது பேருக்கு வேலை இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த பயம். எலவனாசூர்கோட்டையில் அம்மா இன்னும் தினக்கூலிக்குக் களை எடுக்கப் போகிறாள். இந்த வேலையும் போனால் அவள் முகத்தைப் பார்க்க முடியுமா?

நவம்பர் 27 – வியாழன்

பக்கத்தை மீட்க அடையாளச் சான்று கேட்கிறார்கள் என்று மட்டும் அண்ணனிடம் சொன்னேன், எல்லாம் அனுப்பிவிட்டோம். வாரக்கணக்கில் ஆகலாம் என்று பதில். ஒரு வியாபாரி உமி நீக்கிய சாமை மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாராம். அண்ணனுக்கு மூச்சு வந்தது. நாளைக்கு மலைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கும் அப்பாடா என்றிருக்கிறது. தப்பை யாரும் தோண்ட மாட்டார்கள்.

நவம்பர் 28 – வெள்ளி

வெள்ளிமலை பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். வெள்ளச்சியக்கா வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் கண்ணுசாமி எங்களுக்கு டீ வைத்தார். அண்ணன் விஷயத்தைச் சொன்னார். பக்கம் போய்விட்டது, விலாசம் இல்லை, வியாபாரிக்குக் கொடுத்துவிடலாம்.

வெள்ளச்சியக்கா கேட்டுவிட்டு, "முடியாதுங்க" என்றார்.

"ஏன்க்கா? நல்ல வெலதான் தராரு."

"வெலைக்கு இன்னா, தருவாரு. பேரு சொல்லியாச்சே."

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். பிறகு விளக்கினார். அறுத்து அடித்ததும் களத்திலேயே பிரிப்பார்களாம். இது சாமிக்கு, இது அக்கா வீட்டுக்கு, இது இன்னாருக்கு என்று பெயர் சொல்லிவிட்டால் அதைத் தொட மாட்டார்களாம். வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் தொட மாட்டார்களாம்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பேரு சொன்னது யாரு? நீதான நிர்மலா? இது ஆண்டாளுது, இது தாம்பரத்துக்காரருதுன்னு. சொன்னப்புறம் அது எங்களுதும் இல்ல, உங்களுதும் இல்ல. அவங்களக் கேக்காம வேற ஆளுக்குத் தூக்கிக் கொடுக்க நீ யாரு, நானு யாரு?"

"அவங்கள எங்கன்னு போய்த் தேடறதுக்கா?" என்று அண்ணன் கிட்டத்தட்ட அழுதார்.

"தேடணும்ங்க. தேடாம கொடுத்தீங்கன்னா, அடுத்த வெள்ளாமைய நாங்க எப்படி உங்களுக்குத் தரது?"

ஒரு கிலோ பொட்டலத்துக்கு விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு அத்தனை வெள்ளிக்கிழமையும் நான் சொன்ன பெயர்களை, அங்கே அவர்கள் சத்திய வாக்காக எடுத்திருக்கிறார்கள்.

இறங்கும் பஸ்ஸில் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பலூன், பிறந்த தேதி, மெயில், எல்லாம். கோமுகி அணை தாண்டும் வரை அவர் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தார். பிறகு, "முன்னியே சொல்லக் கூடாதா? ரெண்டு நாளா தலைய பிச்சிக்கினு இருந்தேனே" என்றார். அதுதான் சுருக்கென்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால் சிரிக்கிறார். "மூணு வயசுப் புள்ளய வச்சி வேல வாங்கறேன்னு என்னப் புடிச்சி உள்ள போடாம வுட்டாங்களே!"

நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது. பக்கத்து சீட்டு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த மனுஷனுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

நவம்பர் 30 – ஞாயிறு

மறுபடி மலை. இது வெள்ளச்சியக்காவின் யோசனை. "பேரு எங்க போன்லதான இருக்குது. அத நாங்களே கூப்புடறோம்." வெள்ளிக்கிழமைகளில் அனுப்பிய குரல் மெசேஜ்களை இடமில்லை என்று நான் என் போனில் அழித்துவிட்டேன், அவர்கள் அழிக்கவே இல்லை. எங்களிடம் இல்லாத பட்டியல் மேட்டில் பதினொரு போனில் இருந்தது!

ஆளுக்குக் கொஞ்சமாகப் பெயர் சொன்னார்கள், நான் வீடியோ எடுத்தேன். "பெரம்பூரு ஆண்டாளு டீச்சரம்மா, உங்க சாமை ரெண்டு கிலோ பத்தரமா இருக்குது." "தாம்பரம் வெற்றிவேலு சாரு, எங்க இருக்கீங்க?" "மலரு, நீ ஊரே சொல்லலியேம்மா." யாரும் நடிக்கவில்லை. காணாமல் போனவர்களைக் கூப்பிடுகிற குரல்தான்.

டிசம்பர் 1 – திங்கள்

வீடியோவை யார் பக்கத்தில் போடுவது? என் பக்கத்தில். வேலை தேடுவதற்கென்று நான் வைத்திருக்கும் பக்கம், என் படிப்பும் திறமையும் பீற்றி எழுதியிருக்கும் பக்கம். அதில் "நான்தான் செய்தேன், என் கம்பெனிக்கு மூன்று வயது என்று நானே எழுதிக்கொடுத்தேன்" என்று ஆரம்பித்து முழுக்க எழுதினேன். இனி யார் எனக்கு வேலை தருவார்கள்? அண்ணன், "வேணாம் நிர்மலா, பொதுவா தொழில்நுட்பக் கோளாறுன்னு போடு" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்தப் பெண்களுக்குக் கீழே பொய்யை எப்படி எழுதுவது?

போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

டிசம்பர் 2 – செவ்வாய்

சிரிப்பாய்ச் சிரிக்கிறார்கள். நாடே சிரிக்கிறது. "பாப்பா பால் குடிச்சாச்சா?" "கம்பெனிக்கு எல்.கே.ஜி. அட்மிஷன் போட்டாச்சா?" சிரிக்கட்டும். சிரித்துவிட்டுப் பகிர்கிறார்களே, அது போதும்.

முதலில் பகிர்ந்தவள் எழில்மதி. சென்னையில் என்னோடு வேலை இழந்த நாற்பது பேரில் ஒருத்தி. அன்றைக்கே நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். இந்த வேலையும் அதில் யாரோ போட்ட விளம்பரத்தைப் பார்த்துக் கிடைத்ததுதான். எழில்மதிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. கிடைக்காதவள் ராத்திரியும் பகலுமாக எனக்காக ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். போன் செய்து அழுதேன். "அழாதடி, முப்பத்தொம்போது பேரும் அவங்கவங்க ஆபீஸ் குரூப்ல போட்டுட்டாங்க. அழுதா கேமராவுல நல்லா இருக்காது" என்றாள்.

டிசம்பர் 3 – புதன்

ஆண்டாள் டீச்சர் கூப்பிட்டார். முதல் ஆள்! தெரிந்தவர் ஒருவர் அனுப்பினாராம். "என் பேர அந்தம்மா கூப்பிட்டாங்களே, எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா" என்றார். குழந்தைகள் எத்தனை என்று கேட்டு வைத்தேன். இல்லையாம், தனியாக இருக்கிறாராம்.

டிசம்பர் 6 – சனி

இருநூற்று எழுபது. போனை வைக்க முடியவில்லை. விலாசங்களை நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் எழுதுகிறேன். அண்ணன் போட்டோ வேறு எடுத்து வைக்கிறார்.

டிசம்பர் 14 – ஞாயிறு

ஊருக்குப் போயிருந்தேன். முந்நூற்று எண்பத்தொன்பது பேர் கிடைத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் பெருமையடித்தேன். அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். "மீதி பேரு?" என்றாள். தேடுகிறோம் என்றேன். "எல்லாருக்கும் அனுப்பிட்டா ஆபீசு நெலைக்கும் இல்ல?" நிலைக்கும்மா. "அப்ப சரி" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

டிசம்பர் 26 – வெள்ளி

ஒன்பது பேர் பாக்கி. அவர்களுடைய பொட்டலங்களில் பெயர் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறோம். அண்ணன்கூட இப்போது அதைத் தொட மாட்டேன் என்கிறார்.

ஜனவரி 7, 2026 – புதன்

பக்கம் திறந்துவிட்டது! அண்ணன் ஆதார் கார்டில் ஒருவழியாகக் கம்பெனிக்கு முப்பத்து நாலு வயது ஆயிற்று.

ஒன்பது மெசேஜையும் தேடித் திறந்தேன். எட்டு விலாசம் எழுதிக் கட்டிவிட்டேன். ஒன்பதாவது, ஊரே போடவில்லை என்று நான் நினைத்த அந்த 'மலர்'. உள்ளே இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா ஒரு கிலோ வேணும். எனக்கு இல்ல, பக்கத்து வூட்டு ஜெயம்மாள் அத்தைக்கு. ஏரிக்கரைத் தெரு, எலவனாசூர்கோட்டை. அவங்க பொண்ணு உங்க ஆபீஸ்லதான் வேலை செய்றாங்க. அவங்களுக்குத் தெரிய வேணாம்னு சொன்னாங்க. நெறைய பேரு வாங்கினாதான் ஆபீஸ மூட மாட்டாங்களாம்."

பக்கத்து வீட்டு மலர்விழி. அம்மாவுக்குப் போன் எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

தேதி நவம்பர் 20. நாற்பத்தெட்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டு "மீதி பேரு?" என்றாளே!

பொட்டலத்தில் 'மலர்' என்பதை அடித்துவிட்டு அம்மா பெயரை எழுதினேன்.

ஜனவரி 11 – ஞாயிறு

பார்சலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "தெரிஞ்சிடுச்சா?" என்றாள்.

"ஏம்மா கேக்கல?"

"நீ போன்ல அழுதுகினு இருந்த. இதுல எம் பார்சலு எங்கன்னு நானு வேற கேக்கணுமா? மத்தவங்களுக்கு மொதல்ல போவட்டும்னு இருந்தேன்."

முறத்தில் கொட்டிப் புடைத்தாள், வடித்தாள், காரக்குழம்பு ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன், ஒருவர் சாப்பிட்டும் நேரில் பார்த்ததில்லை.

நிதானமாக மென்று விழுங்கிவிட்டு அம்மா சொன்னாள். "நல்லாதான் இருக்குது. கல்லு கொஞ்சம் ஜாஸ்தி. உங்க ஆபீசுல சொல்லு."

வாடிக்கையாளர் குறை சொன்னால் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. எழுதிவிட்டேன். ஜெயம்மாள், எலவனாசூர்கோட்டை, ஒரு கிலோ. கல் இருக்கிறதாம்.