கோதைக்கு எழுதுங்கள்

நெடுங்கேணி
10.05.1981

அன்புள்ள மலர்,

நீ அனுப்பிய உன் கதைப்புத்தகத்தின் மூன்று பிரதிகளும் வந்தன. 'ஒரு நாள் திரும்பிய கோதை' என்ற பெயர் நன்று. பேராதனையில் படிக்கும்போது உன் கட்டுரைகளைத் திருத்தித் தந்த பழக்கத்தில் ஒன்று கேட்கிறேன். கோதை பழைய நாளுக்குப் போய்த் தகப்பனை மீட்டுவிட்டால், பிறகு அவள் போக வேண்டிய காரணம் ஏது? இந்த ஓட்டை என் பத்தாம் வகுப்பில் ஒருத்திக்கும் தெரியவில்லை. மூன்று பிரதியும் அலுமாரியில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை.

கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கோதைக்குக் கலியாணம் நடக்குமா என்று கேட்கிறார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் கேட்பது வேறு. அவர்களுக்கு உன் கதையின் விதிதான் வேண்டும்: பறிகொடுத்த இடத்தில், அதே தேதியில், அதே நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும், ஒருமுறைதான் முடியும். அழகம்மா என்ற பிள்ளை அதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்.

கடைசிப் பக்கத்தில் 'கோதைக்கு எழுதுங்கள்' என்று உன் வீட்டு விலாசத்தைப் போட்டிருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை.

இருமல் விட்டதா?

ஞானேஸ்வரி


வெள்ளவத்தை
24.05.1981

எடி ஞானம்,

இருமல் விட்டது, உன் திருத்தம்தான் விடவில்லை.

நாற்பத்து மூன்று கடிதம் வந்திருக்கிறது, தெரியுமா? பளையிலிருந்து ஒரு பெடியன், பரீட்சைக்கு முதல் நாளுக்குப் போகலாமா என்று கேட்கிறான். முல்லைத்தீவுக் கரையிலிருந்து யூலிற்றா என்ற பிள்ளை எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். "அப்பா துலைஞ்சது கடலிலை. அங்கை எப்பிடி நிக்கிறது?" எல்லாருக்கும் கோதையாகவே பதில் எழுதுகிறேன். இருபது வருடம் பாடப்புத்தகம் எழுதினேன், ஒரு பிள்ளையும் எனக்குக் கடிதம் போடவில்லை.

அந்த விலாசம் இருக்கட்டும், ஞானம். பெரியாக்கள் ஒருவரும் கேளாததை அந்தப் பிள்ளைகள் கோதையிடம் கேட்கிறார்கள்.

உன் இராசமலர்


நெடுங்கேணி
21.06.1981

அன்புள்ள மலர்,

யாழ்ப்பாண நூலகத்தில் அத்தனை புத்தகம் எரிந்த பிறகு ஒரு புத்தகத்தைக் குறை சொல்லி எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

அழகம்மாவுக்கு வயது பதினாறு. எழுபத்தேழு ஓகஸ்ட் பதினெட்டாம் தேதி, மாலை நாலு மணிக்கு, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் குடியிருந்த லயம் எரியும்போது மூன்று வயதுத் தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். தேயிலைக்குள் கை நழுவிவிட்டது. அமராவதி என்ற அந்தப் பிள்ளை உயிரோடும் கிடைக்கவில்லை, உடலாகவும் கிடைக்கவில்லை. நாலு வருடமாக வீட்டில் ஒருவரும் இவளைக் குற்றம் சொன்னதில்லையாம். தகப்பன் பழனியாண்டிதான் எனக்குச் சொன்னார்.

போன கிழமை அவள் என்னிடம் வந்து, இரத்தினபுரிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டாள். அது கதை, பிள்ளை, என்றேன். "ஆமாங்க டீச்சர்" என்றாள், மிகவும் மரியாதையாக. அந்த மரியாதை எனக்குப் பயமாக இருக்கிறது.

அவள் உனக்கு எழுதினால் உன் பெயரில் பதில் போடு. கோதை என்று ஒருத்தி இல்லை என்று எழுது.

ஞானேஸ்வரி


வெள்ளவத்தை
05.07.1981

என் ஞானம்,

அவள் எழுதிவிட்டாள். நானும் ஜூன் தொடக்கத்திலேயே பதில் போட்டுவிட்டேன். தங்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை, போகப் பயமாக இருக்குமா என்று மட்டும் கேட்டிருந்தாள். "பயப்படாதே. அந்த இடத்தில் போய் நில். மற்றது தானாக வரும்" என்று கோதை எழுதினாள். மனத்தைரியத்துக்குச் சொன்னது.

இப்போது போய்க் கோதை இல்லை என்று எழுதினால் அந்தப் பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்தியதாகாதா? பிள்ளைகளுக்குக் கதை எது, மெய் எது என்று தெரியும். எங்களைவிட நன்றாகத் தெரியும்.

மலர்


நெடுங்கேணி
17.08.1981

மலர்,

தந்தி கிடைத்திருக்கும். அழகம்மா மல்லாவிக்குக் கூலிவேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை போனாள். மல்லாவிக்குப் போகவில்லை. அவளுடைய தகரப் பெட்டியில் உன் கடிதம் இருந்தது.

இரத்தினபுரிப் பக்கம் லயங்கள் திரும்பவும் எரிகின்றன என்று வவுனியாவுக்கு வந்தவர்கள் சொல்கிறார்கள். நாளை பதினெட்டு. நீ கிட்ட இருக்கிறாய். போ.

ஞானேஸ்வரி


வெள்ளவத்தை
20.08.1981

ஞானம்,

தந்தி கண்ட உடனே போனேன். இரத்தினபுரி வழியில் அவிசாவளைக்கு அப்பால் போக வேண்டாம் என்று கொண்டக்டர் இறக்கிவிட்டான். அடுத்த நாளும் போனேன். எதிரே வந்த லொறியெல்லாம் மறித்துக் கேட்டேன். பதினாறு வயதுப் பிள்ளை தனியாகப் போனதை ஒருவரும் காணவில்லை. பழனியாண்டிக்கு என்ன சொல்வாய்? நான் அனுப்பியது என்று சொல். மறைக்காதே.

மலர்


நெடுங்கேணி
26.08.1981

மலர்,

வந்துவிட்டாள். அகதிகளை ஏற்றிய லொறியில் வவுனியா வந்து, அங்கிருந்து நேற்றுப் பஸ்சில் வந்து இறங்கினாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பதினெட்டாம் தேதி நாலு மணிக்குத் அன்று கை நழுவிய தோட்டத்துப் பாதை வளைவில் போய் நின்றிருக்கிறாள். லயம் எரிந்துகொண்டிருந்தது. சனம் அன்றைப் போலவே ஓடியது. தேயிலைக்குள் ஒரு பிள்ளை தனியாக நின்று அழுதது. நீயும் நானும் அங்கே நின்றிருந்தால் என்ன நினைத்திருப்போம்? "இந்தத் தடவ கைய விடல டீச்சர்" என்றாள்.

அமராவதிக்கு இப்போது ஏழு வயது இருக்க வேண்டும் என்று தகப்பன் சொல்லிப் பார்த்தார். கோதையின் தகப்பனும் போன வயதிலேயேதான் வந்தார் என்று இவள் பதில் சொல்கிறாள். தாய் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். அமராவதி என்று கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை. அம்மா எங்கே என்று மட்டும் கேட்கிறது.

இன்று வவுனியாவுக்குப் போய் விசாரித்தேன். கோயில் மடத்தில் அகதியாகத் தங்கியிருக்கும் ஒரு தாய் பிள்ளையைத் தேடி அழுகிறாள். ஒரு காதில் மட்டும் தோடு என்று அடையாளம் சொல்கிறாள். இந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான். தாயைக் கூட்டிவந்தால் பிள்ளையோடு காட்டுக்குள் போய்விடுவேன் என்கிறாள் அழகம்மா. தன் கையையும் பிள்ளையின் கையையும் சீலைத் துண்டால் சேர்த்துக் கட்டியிருக்கிறாள். அவள் சொன்னால் செய்வாள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

எங்கள் ஒருவரின் சொல்லும் எடுபடாது. கோதை சொல்லட்டும் என்கிறாள். ஆகவே எழுது. கோதையாக எழுது. பிள்ளையைக் கொடுக்கச் சொல். நான் இப்படிக் கேட்பேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். நானும்தான்.

ஞானேஸ்வரி


வெள்ளவத்தை
30.08.1981

ஞானம்,

இரண்டு நாள் இருந்து பார்த்தேன். கோதையின் பெயரில் ஒரு வரி வரவில்லை. ஒரு பொய் அவளை நெருப்புக்குள் அனுப்பியது. அதே பொய்யால் அவளைத் திருப்ப என்னால் முடியாது.

இத்துடன் அழகம்மாவுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. என் பெயர், வயது, அந்தக் கதையை எந்த மேசையிலிருந்து எழுதினேன் என்பது, எல்லாம் சொல்லியிருக்கிறேன். மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். கொடு.

இராசமலர்


நெடுங்கேணி
06.09.1981

மலர்,

உன் கடிதத்தைக் கொடுக்கவில்லை.

நானே எழுதினேன். உன் எழுத்தைப் போல வலப்பக்கம் சரித்து, கோதை என்று கையெழுத்திட்டு. நீ சரியான நாளுக்குத்தான் போனாய், ஆனால் அங்கே நீ தூக்கியது வேறு ஒருத்தியின் பிள்ளை, அந்தத் தாய் வவுனியாவில் நிற்கிறாள் என்று எழுதினேன். கதை எழுதத் தெரியாதவள் எழுதிய கதை.

முற்றத்தில் இருந்து வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள். கட்டியிருந்த இடத்தில் பிள்ளைக்குத் தோல் சிவந்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டு, "போவோம் டீச்சர்" என்றாள். மடத்து வாசலில் தாயைக் கண்டதும் பிள்ளை இவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி ஓடியது. திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் பஸ்சில், புளியங்குளம் தாண்டியபின் சொன்னாள்.

"மொத வரியிலயே தெரிஞ்சிருச்சு டீச்சர். எங்க கொப்பியெல்லாம் திருத்துற கை."

அப்படியென்றால் ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"எந்தங்கச்சியயும் இப்புடி யாராச்சும் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. நல்லவங்களாத்தான் இருப்பாங்க. ஆனா அவுங்க கொண்டாந்து குடுக்கலயே."

மலர், நீ அவளுக்கு எழுதியது முழுக்க உண்மை, ஒரு எழுத்துக்கூடத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் ஜூன் மாதம் எழுதியிருக்க வேண்டிய கடிதம். அதைத் திருப்பி அனுப்புகிறேன். அதை நான் அவள் கையில் கொடுப்பது சரியில்லை. வேறு உறையில் வைத்து, வெளியே அவள் பெயரை எழுதி, உள்ளே உன் பெயரோடு நீயே தபாலில் போடு.

எனக்குக் கொஞ்சக் காலம் எழுதாதே. அவளுக்கு எழுது.

ஞானேஸ்வரி