குடுவையில் பெருகியவை

சென்னை
12-8-1961

அன்புள்ள பேச்சிக்கு,

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பால் கட்டிய வலி குறைந்ததா? நான் சுகமாக வந்து சேர்ந்தேன்.

பாப்பாவை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பியவன், நேராக ஆய்வுக்கூடத்துக்குத்தான் போனேன். கண்ணுக்குத் தெரியாத குளத்துச் சிற்றுயிர்களைக் குடுவையில் வளர்த்து, அவை பெருகுவதை எண்ணுவதுதானே என் வேலை. நான் இல்லாதபோது அவற்றைக் கவனித்துக்கொண்டவர் நம் திண்டுக்கல் சௌகத் அலி. மகளுக்குக் காய்ச்சல் என்று மட்டுமே அவருக்குத் தெரியும்.

"நாந்தேன் பாசித் தண்ணி ஊத்துனேன் அப்பு. அம்புட்டும் ஒண்ணு பத்தாப் பெருகிக் கெடக்கு" என்று சிரித்தார். பிறகு, "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?" என்று கேட்டார்.

"விட்டுருச்சு" என்றேன்.

ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தேன். துளி முழுக்க உயிர்கள் துள்ளின. கண்ணீர் மறைத்ததால் எண்ண முடியவில்லை. நாளை எண்ணிவிடுவேன், நீ கவலைப்படாதே.

விடுதியில் சோற்றுக்கு வைக்கிற வெஞ்சனம் வாயில் வைக்க முடியவில்லை. யாராவது வந்தால் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. தொட்டில் சேலையை அம்மா அவிழ்க்கப் போனால் தடுத்துவிடு. நான் வந்து அவிழ்க்கிறேன்.

வாசலில் தபால்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார், இத்துடன் முடிக்கிறேன்.

உன்
சோலைமுத்து