முதல் சீட்டும் பஸ் காசும்

1994 பெப்ரவரி 12, உக்குவளை

என் சீட்டிலிருந்து பாதிப் பேர் விலகிவிட்டார்கள். எல்லாம் என் கொழுந்தியாள் புஷ்பவதியின் வேலை. வங்கி உத்தியோகத்தை விட்டுவிட்டு எல்கடுவ தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்களுக்குப் புத்தி சொல்லக் கிளம்பியிருக்கிறாள். சம்பள நாளன்று என் கடை வாசலிலேயே நின்று கேட்டாள்: "முதல் சீட்டு முழுசும் அத்தானுக்கு சும்மா போகுதே, அது யாரு காசு?"

சீட்டுப் பிடிப்பவனுக்கு முதல் சீட்டு என்பது என் அப்பா காலத்து வழக்கம். வசூலுக்கு அலைவது யார்? கட்டாமல் ஓடுபவனுக்காகக் கட்டுவது யார்? இவளா?

மார்ச் 3

விலகியவர்களின் பணம் யூனிட் ட்ரஸ்டுக்குப் போகிறதாம். பல கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வாங்குவார்களாம். ஒரே கம்பெனியை நம்பாதே, நடுவில் நிற்பவனுக்குக் கூலி கொடுக்காதே, போட்டதைத் தொடாதே — இவ்வளவுதான் அவள் வித்தை. மாதாமாதம் கண்டிக்குப் போய் அவரவர் பெயரில் கட்டுகிறாள். பஸ் காசுகூட வாங்குவதில்லை. கூலி வாங்காத ஆளை எப்படித்தான் நம்புகிறார்களோ!

தங்கச்சிக்கு நீயாவது சொல்லக்கூடாதா என்று ராசம்மாவிடம் கத்தினேன். என் மனைவி உலைக்கு அரிசி அளக்கப் போய்விட்டாள்.

2000 பெப்ரவரி 20

ஆறு வருடமாகியும் அந்தப் பெண்கள் போட்ட பணம் சொல்லும்படி ஒன்றும் ஏறவில்லை. ஏறுவது எப்படி என்று நான் காட்டுகிறேன். ஒரே வருடத்தில் இரட்டிப்பாகும் கம்பெனி என்று கண்டித் தரகர் ஒன்றைச் சொன்னார். கடையின் உறுதிப் பத்திரத்தை அடகு வைத்து முழுவதையும் அதில் போட்டேன்.

2001 யூலை 28

யுத்தத்தில் விமான நிலையத்தையே அடித்ததிலிருந்து எல்லாப் பங்கும் சரிகிறது. பெண்கள் புஷ்பவதியின் வாசலில் கூடியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனேன். சந்தோஷமாகத்தான் போனேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. என் காசும் அதுலதான் கிடக்கு. விக்காதீங்க. முடிஞ்சா இந்த மாசமும் கட்டுங்க" என்றாள். நெஞ்சழுத்தக்காரி. அழுதுகொண்டிருந்த லயத்துப் பாப்பம்மாவும் கட்டினாள்.

செப்டம்பர் 9

என் கம்பெனியை மூடிவிட்டார்கள். தரகர் போனை எடுக்கவில்லை.

2004 மார்ச் 14

கடையை எழுதிக் கொடு என்று அடகுக்காரர் சொன்ன கெடு இன்று. காலையில் ராசம்மா உறுதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மீட்டுவிட்டாளாம். தங்கச்சியிடம் பத்து வருடமாகக் கட்டிய பணமாம், சண்டை ஓய்ந்தபின் நன்றாக ஏறிவிட்டதாம். பத்து வருசமா! என் வீட்டுக்குள்ளேயே! சோத்துக்குக் குடுத்த காசுல மிச்சம் பிடிச்சு!

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"கத்தணும்னா கடையில நின்னு கத்துங்க. அது இன்னும் நம்மளதுதான்" என்றாள்.

2009 யூன் 10

புஷ்பவதிக்கு முழங்கால் வீங்கி எழுந்து நிற்க முடியவில்லை. இந்த மாதப் பணத்தைக் கட்ட அத்தான் போவாரா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறாள். என்னிடம் நேரே கேட்க வாய் வராது. எனக்கும் இன்னும் அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. பார்க்காமலே பணத்தை வாங்கிக்கொண்டு கண்டி பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தபோது பாப்பம்மா கடை வாசலில் காத்திருந்தாள். பஸ் காசு எவ்வளவு என்று கேட்டாள்.

முறைத்தேன். வேண்டாம் என்றேன்.