என் குரலை நீக்கிய பிறகு

மார்ச் 3, செவ்வாய்

ஆய்வுக்கூடத்தில் இன்று எல்லோருக்கும் வீட்டுப்பாடம். மறதி நோய் தலைகாட்டுவதற்கு முன்பே பேச்சில் அதன் சாயல் விழுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. நோயாளிகளின் பேச்சு வேண்டிய மட்டும் சேர்ந்துவிட்டது. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்கள்தான் போதவில்லை. "வீட்ல ஆள் இருக்காங்கல்ல, அவங்களைப் பேச வெச்சுப் பதிவு பண்ணிட்டு வாங்க" என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

என் வீட்டில் ஆரோக்கியத்துக்கு ஒரே ஆள்தான். இவர், என் கணவர். முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார், காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. படுத்திருந்தால் என் காதும் கொஞ்சம் ஓய்ந்திருக்கும்.

மார்ச் 7, சனி

பதிவு முடிந்தது. இவர் சட்டையில் ஒரு மைக், என் கழுத்தோரம் ஒரு மைக். "உங்கள் வேலையில் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தாளைப் பார்த்துப் படித்தேன். "என்னமோ போலீஸ் விசாரணை மாதிரி கேக்கற" என்றார். பிறகு எதிர்பார்த்தபடியே பியானோ கதை. ஒரு பியானோவும் அதைத் தூக்கி வந்த நான்கு பேரும் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட கதை. எனக்கு அது தலைகீழ்ப் பாடம். நடுவில் அழைப்பு மணி அடித்தது. நான் எழுந்து போய் பார்சல் வாங்கிக்கொண்டு வந்தேன், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். மைக்கைக் கண்டால் நிறுத்தத் தெரியாத மனிதர்.

மார்ச் 10, செவ்வாய்

இவர் பேச்சைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். நான் எழுதித் தரும் பிரதியில் பிழை பார்க்க வேண்டியதில்லை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 18, புதன்

மதியம் முயல் வந்தார். எங்கள் மென்பொருள் பொறியாளர். எந்நேரமும் மேசையில் கேரட் கடித்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உட்காராமலே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நல்லா இருக்கறவங்க குழுவுல ஒரு ஃபைல் மட்டும் மறதி இருக்குன்னு சிவப்பா வருது. அது உங்க வீட்டுக்காரரோடது."

"உங்க மெஷினுக்குத்தான் மறதி வந்திருக்கு" என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைக்கறேன். நீங்க அடிச்சுக் கொடுத்ததைப் படிச்சா தண்ணி மாதிரி ஓடுது. ஆனா ஆடியோல அந்த வார்த்தைங்க பாதி இல்ல. நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

இல்லாமல் எங்கே போகும்? காதால் கேட்டுத்தானே எழுதினேன்.

மார்ச் 19, வியாழன்

கேட்டேன். எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

பதில் சொல்கிறவரின் பேச்சு மட்டும்தான் ஆராய்ச்சிக்கு வேண்டும். அதனால் கேள்வி கேட்பவரின் குரலை மென்பொருள் துடைத்து எடுத்துவிடும். எத்தனையோ பேரின் குரலை அப்படித் துடைத்திருக்கிறோம். நான் இல்லாத என் வீட்டை நான் கேட்டதில்லை.

மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. இவர் தொண்டையைச் செருமுகிறார். "அன்னைக்குப் பாத்து அந்த... அந்தப் பெரிய..." நிற்கிறார். ஒன்றுமில்லை. மூச்சு மட்டும். "ஆங், அதேதான். அதைத் தூக்கிட்டு வந்தாங்க. நாலு பேரு. மேல இருக்கற அந்த... கயிறு இழுக்குமே..." மறுபடி ஒன்றுமில்லை. "அதேதான், அது சுத்தல."

கதையே பியானோ கதை. பியானோ என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மோட்டார், நாலாவது மாடி, கூட வேலை செய்த நண்பரின் பெயர் — எல்லாம் நான் சொன்னது. சொன்னது மட்டுமில்லை, அவர் சொன்னதாக நானே எழுதியும் கொடுத்திருக்கிறேன். எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். என் வாயிலிருந்து வந்ததா அவர் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே தெரியவில்லையே. எப்போதிருந்து?

இதுகூடப் பரவாயில்லை. நான் பார்சல் வாங்கப் போன இடம் வந்தது. என் நாற்காலி நகர்கிறது, செருப்புச் சத்தம் தூரப் போகிறது. இவர் நிறுத்தவில்லை. "அப்புறம் கீழ நின்ன ஆளு, அந்தக் கட்டடத்தோட..." நின்றார். எனக்காகக் காத்திருக்கும் அதே அளவு நேரம் காத்திருந்தார். அப்புறம் குரலில் ஒரு சந்தோஷம்.

"ஆங், அதேதான்."

என் மைக்கில் பதிவானதைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். பார்சல்காரர் குரல்: "இங்க கையெழுத்துப் போடுங்க." நான் வாசலில்தான் நின்றிருக்கிறேன்.

யார் எடுத்துக் கொடுத்தது?

மார்ச் 20, வெள்ளி

சாப்பிடும்போது வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். இவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் இவர் கண்ணாடி முன் முகம் மழித்துக்கொண்டிருந்தார். நான் துணி மடிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவருக்கே சொல்லிக்கொள்கிறார், நாளைக்கு எந்தக் கட்டடம், என்ன மாற்ற வேண்டும் என்று. "நாளைக்கு அந்த..." நின்றார். சவரக்கத்தியும் நின்றது. தலையை லேசாகச் சாய்த்து வைத்திருந்தார், நான் பேசினால் சாய்ப்பது போலவே. பிறகு தலையாட்டினார். மேலே பேசினார்.

பயமாக இருந்தது. முப்பது வருடம் கூடப் படுத்து எழுந்த மனிதரைப் பார்த்துப் பயந்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அவர் கேட்கும் குரல் என்னுடையதாகத்தானே இருக்கும்? அது என்ன சொல்கிறதோ. நான் சொன்னால் சரியான சொல்லையாவது சொல்வேன்.

மார்ச் 25, புதன்

இன்று வேலையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னைக்கு ஒரு கூத்து. லிஃப்ட் பெட்டி இந்த மாடியிலதான் நிக்குதுன்னு கதவைத் திறந்துட்டேன். பாத்தா வெறும் குழி. ஒரு கால் உள்ள வெச்சாச்சு. கூட இருந்தவன் சட்டையைப் பிடிச்சு இழுத்தான்."

"எந்த மாடின்னு பாக்கலையா?"

"கேட்டேனே" என்றார். "கேட்டுட்டுத்தான் திறந்தேன்."

"யாரை?"

என்னை ஏதோ புத்தி பிசகியவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். சிவப்பு ஃபைல், விட்டுப்போன சொற்கள், எல்லாவற்றையும். கோபம் வந்தது. "நாலு நாளா நீ வாயே திறக்காம இருந்துட்டு, எனக்கு மறதின்னா என்னடி அர்த்தம்?" என்றார். நியாயமான கேள்விதான். பிறகு ரொம்ப நேரம் கழித்து, "சரி, கூட்டிட்டுப் போ. ஆனா நீ பக்கத்துல இருக்கணும்" என்றார்.

ஏப்ரல் 2, வியாழன்

எங்கள் ஆராய்ச்சியில் இருக்கும் டாக்டரிடமே போனோம். நான் இவர் பக்கத்தில் உட்காரலாம், பேசக் கூடாது. டாக்டர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

இவர் கடிகாரம் வரைந்தார், மாதங்களைப் பின்னாலிருந்து சொன்னார். அங்கங்கே நின்றார், தலையைச் சாய்த்தார், மேலே போனார். சொன்னதில் பாதி தப்பு. ஆனால் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிற பிள்ளை போல அவ்வளவு நிம்மதி.

"கூட வந்திருக்கறவங்க யாருன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"இவங்களா" என்று இவர் என் கையைத் தட்டினார். "இவங்க வந்து... என்..."

நின்றார். தலையைச் சாய்த்தார். இந்தத் தடவை உள்ளே இருந்து ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல் என் நாக்கு நுனியில் நின்றது. நான் சொல்லிவிட்டால் டாக்டர் எதையும் எழுத முடியாது. நாளைக்கு இவர் மறுபடி ஏதாவது ஒரு மாடியில் கதவைத் திறப்பார். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இவர் டாக்டரிடம் திரும்பி, என்னைப் பற்றிப் பெருமையாகவே சொன்னார்: "அவங்களையே கேளுங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

இவர் கம்பெனியில் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வந்தோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, தேநீர் கொடுத்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் பேச ஆரம்பித்தார். நானும் வேண்டிய இடத்திலெல்லாம் எடுத்துக் கொடுத்தேன், ஒன்றைக்கூட விடவில்லை. ஒரு வார்த்தை பிந்தினாலும் அவர் தலை சாய ஆரம்பித்துவிடுகிறது. அதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். இறங்கும் இடம் வந்தபோது எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் எவ்ளோ அழகாப் பேசறாரு. கேட்டுட்டே வந்தேன்" என்றாள்.