எண் பதினொன்று உட்கார்ந்த செவ்வாய்க்கிழமை

ஜூன் 19, 2025, வியாழன்

இன்று கடையில் பொம்மை உட்கார்ந்தது. நாங்கள் நின்றோம்.

எங்கள் மூன்றாவது மாடி பட்டுப் பிரிவுக்கு எட்டு ஸ்டூல் வந்து இறங்கியது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆகவேண்டும் என்று சட்டமாம். சட்டம் வந்து நாலு வருஷம் ஆகிறதாம். தி.நகர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு இப்போதுதான் எங்கள் மாடிக்கு ஏறியிருக்கிறது என்றாள் மெஹக். பக்கத்து கவுன்டர், என் வயதுதான், பதினேழு. அவளுக்கு வாய் மூடாது, எனக்கு வாய் திறக்காது. அதனால் நன்றாகப் போகிறது.

ஆசையாக ஓடினோம். ஃப்ளோர் சூப்பர்வைசர் பஞ்சாட்சரம் சார் கையைத் தூக்கினார். "பிளாஸ்டிக் கவரக் கிழிக்கக் கூடாது. கஸ்டமர் இருக்கறப்ப உக்காரக் கூடாது. மத்தபடி தாராளமா உக்காருங்க."

தி.நகரில் கஸ்டமர் இல்லாத நேரம் என்றால் ஷட்டர் தூக்குவதற்கு முன்னால்தான். ஏழு ஸ்டூலைத் தூணோரம் அடுக்கிவிட்டார்கள். எட்டாவதில், கால் மடங்குகிற பொம்மைக்கு மயில் கழுத்துக் கலர் பட்டு கட்டி உட்கார வைத்தார்கள்.

"பாத்தியாடி, பொம்மைக்கு யூனியன் கீது" என்றாள் மெஹக்.

ஜூன் 21, சனி

சார் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பில்லில் போடுகிற எண்தான். நான் பதினொன்று. இரண்டு வருஷமாக அவர் என் பேட்ஜைப் பார்த்திருக்கிறார். முகத்தைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. மெரூன் கலர் யூனிஃபார்ம் சேலை, கொண்டை, எண். அவ்வளவு போதும் அவருக்கு.

ஆனால் என் கையெழுத்து அவருக்கு மனப்பாடம். தப்பு செய்தால் விளக்கக் கடிதம் எழுதித் தரவேண்டும் இல்லையா, மாடியில் பதினாறு பேர் கடிதத்தையும் நான்தான் எழுதுகிறேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். போன மாதம் மட்டும், லிஃப்டில் சிரித்ததற்கு ஒன்று, கஸ்டமர் கொட்டாவி விட்டபோது தானும் விட்டதற்கு ஒன்று, மணமகனின் அம்மாவை மணமகன் பாட்டி என்று நினைத்ததற்கு ஒன்று. ஒருவருக்கு மூன்று கடிதம் சேர்ந்தால் வேலை போய்விடும்.

"பேரு மணிமொழி. வாயத் தொறந்தா ஒரு மொழியும் இல்ல. எல்லாம் கையில கீது" என்பாள் எங்கள் மாடியில் எண் நாலு, புஷ்பம் அக்கா.

உண்மைதான். படிப்பே அப்படித்தானே நின்றது. ஆற்றோரத்து வீட்டை இடித்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது பதினொன்றாவது சேர டி.சி. கேட்டார்கள். பழைய பள்ளிக்கூட ஆபீஸ் ஜன்னலில் மூன்று நாள் போய் நின்றேன். 'என்னம்மா வேணும்' என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாலாம் நாள் போகவில்லை. அவ்வளவுதான்.

ஜூன் 28, சனி

புஷ்பம் அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு கஸ்டமர் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போனாள். அக்காவுக்குப் பதினோரு வருஷமாக நின்ற கால். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கும். கஸ்டமருக்குப் போட்டிருந்த நாற்காலியில் அக்கா ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் சார் வந்தார்.

"இன்னா நாலு, சிம்மாசனமா?"

"கால் கேக்கல சார். குந்திட்டேன்."

"சட்டத்துல இன்னா போட்டிருக்கு? வாய்ப்பு கெடைச்சா உக்காரலாம்னு. கஸ்டமர் இருக்கறப்ப வாய்ப்பு எங்கம்மா கெடைக்குது?"

"கஸ்டமர் கண்ணாடிய உட்டு நகர மாட்டேங்குதே, அது வாய்ப்பு இல்லையா சார்?" என்றாள் மெஹக். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

செவ்வாய் மதியத்துக்குள் கடிதம் வேண்டுமாம். அக்காவுக்கு இது மூன்றாவது. எங்களுக்கெல்லாம் தெரியும், சாருக்கும் தெரியும். அக்கா என் பக்கம் திரும்பி, "நல்லா எழுதும்மா" என்றாள், ஜாக்கெட்டுக்கு அளவு சொல்கிற மாதிரி.

ஜூன் 29, ஞாயிறு

'இனிமேல் உட்கார மாட்டேன்' என்று எழுதினேன். கிழித்தேன். மனுஷி எப்படி இனிமேல் உட்காராமல் இருப்பாள்?

ஜூன் 30, திங்கள்

மெஹக் மந்தைவெளி யூனியன் ஆபீசிலிருந்து ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். அங்கே நீரஜா மேடம் என்று ஒருவர் கடைத் தொழிலாளர் சங்கம் நடத்துகிறார். நோட்டீசை ஸ்டாக் ரூமில் மூன்று தடவை படித்தேன். வேலை நேரத்தில் கிடைக்கிற வாய்ப்பில் உட்காரத்தான் இருக்கை. எல்லா ஊழியருக்கும். 'கஸ்டமர் இல்லாதபோது' என்று எங்கேயுமே இல்லை. அது சாரின் சொந்தச் சரக்கு.

கடிதம் இப்போது மூன்று வரி. 'நான் உட்கார்ந்தது உண்மை. வாய்ப்பு கிடைத்தது. அதற்காகத்தான் சட்டம் இருக்கை தரச் சொல்கிறது.' அக்கா பஸ் ஸ்டாப்பிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். "நீயே குட்த்துடு, எனக்கு அந்த ஆள் மூஞ்சப் பாத்தா அழுகை வரும்" என்றாள். தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் – நாளைக்கு எனக்கு வார லீவ்! அத்தோடு மயிலாப்பூரில் சித்தி மகளின் குழந்தைக்குக் காது குத்து. ஏன் சொல்லவில்லை? ஏன் எதையுமே சொல்வதில்லை நான்?

ஜூலை 1, செவ்வாய்

 சிரிப்பதா பயப்படுவதா தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காது குத்து முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். சித்தியின் ஊதாப் பட்டு, இரண்டு முழம் மல்லி, கவரிங் ஆரம், நெற்றியில் சந்தனம். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவதுதான் திட்டம். மணி பதினொன்று.

படியேறியதும் எதிரே சார். இரண்டு கையையும் கூப்பினார். "வாங்க மேடம், வாங்க! கல்யாணப் பட்டா? உக்காருங்க மேடம்!"

யாரை என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

'சார், நான் பதினொன்று' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் நாற்காலியைத் துடைத்து என் பின்னால் வைத்துவிட்டார். உட்கார்ந்துவிட்டேன்.

"பட்ஜெட் சொல்லுங்க மேடம்."

தலையாட்டினேன்.

"பட்ஜெட்டே இல்லையா!" சாரின் முகம் குத்துவிளக்கு மாதிரி ஆயிற்று. "நாலு, நீ தள்ளு. இவங்களுக்கு நானே காட்டறேன்."

புஷ்பம் அக்கா என்னைப் பார்த்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனாள்.

சார் ஒரு சேலையை விரித்தார். பேச வரவில்லை, பக்கவாட்டில் தலையை ஆட்டினேன். இன்னொன்று. ஆட்டினேன். பட்டுக் கடையில் பேசுகிற கஸ்டமரைச் சமாளிக்கலாம், திட்டுகிறவளைக்கூடச் சமாளிக்கலாம். பேசாமல் தலையாட்டுகிறவளை ஒன்றும் செய்ய முடியாது, இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் கடைசியில் மொத்தமாக அள்ளுவாள் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. அந்த நம்பிக்கையில் சார் விரித்துக்கொண்டே இருந்தார். மெஹக் ரோஸ் மில்க் கொண்டுவந்தாள். "மேடத்துக்கு ஐஸ் போடலாங்களா? மேடத்துக்கு எந்த ஊரு?" கிராதகி. உறிஞ்சும்போது சிரிப்பு வந்து மூக்கில் ஏறியது. மேடத்துக்குப் புடவை பிடிக்கவில்லை என்று நினைத்து சார் மேல் தட்டுக்கு ஏணி போட்டார்.

எழுந்து ஓட நினைத்தேன். சத்தியமாக. ஆனால் என் மடி முழுக்க சேலை.

எண்பத்து நாலு சேலை. மெஹக் எண்ணினாள்.

ஒரு மணிக்கு சார் இடது காலைத் தூக்கி வலது காலில் தேய்த்தார். அப்புறம் வலது காலைத் தூக்கினார். அப்புறம் பொம்மையிடம் போனார், அதை அலேக்காகத் தூக்கித் தரையில் கிடத்தினார், ஸ்டூலை இழுத்து என் எதிரே போட்டு, பிளாஸ்டிக் கவர் சரசரக்க உட்கார்ந்தார். "ஸ்... அப்பா" என்றார். பாவமாகத்தான் இருந்தது.

மாடியே திரும்பிப் பார்த்தது.

இனியும் தாமதித்தால் மதியம் தாண்டிவிடும். கடிதத்தை எடுத்து நீட்டினேன். சேலை அனுப்பவேண்டிய அட்ரஸ் என்று நினைத்து வாங்கினார். எழுத்தைப் பார்த்தார்.

"இது பதினொண்ணு கையெழுத்தாச்சே. பதினொண்ணு இன்னிக்கு லீவாச்சே. உங்ககிட்ட எப்படி மேடம்?"

"நான்தான் சார்."

என் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாக. ரொம்ப நேரம் பார்த்தார்.

அப்போது ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. சொன்னேன். "சார், கஸ்டமர் முன்னாடி உக்காந்துட்டீங்க. நான் வேணா லெட்டர் எழுதித் தரட்டா?"

கிண்டலே இல்லை, சத்தியம். அந்த மாடியில் யார் உட்கார்ந்தாலும் கடிதம் நான்தான். பழக்கத்தில் வந்துவிட்டது.

மெஹக் சேலை மலைக்குப் பின்னால் விழுந்தே விட்டாள்.

ஜூலை 2, புதன்

வேலை போய்விடும் என்று நினைத்து டிபன் பாக்ஸ்கூட எடுக்காமல் போனேன். ஐந்தாவது மாடி ஆபீசிலிருந்து போன் வந்தது. எனக்கு இல்லை, சாருக்கு! கேமராவில் பார்த்தார்களாம். ஒரு பெரிய இடத்துக் கஸ்டமர் முன்னால் சூப்பர்வைசர் கால் நீட்டி உட்கார்ந்ததில் அவர் கோபித்துக்கொண்டு ஒன்றும் வாங்காமல் போய்விட்டாராம். விளக்கம் வேண்டுமாம்.

அந்தப் பெரிய இடம் நான். ஆபீசிலும் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. சாரும் சொல்லவில்லை. சொன்னால் எண்பத்து நாலு சேலையை யாருக்கு விரித்தேன் என்பதையும் சொல்ல வேண்டுமே.

ஜூலை 3, வியாழன்

ஸ்டாக் ரூம் வாசலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"மணிமொழி."

யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"பத்தொம்பது வருஷமா நிக்கறேம்மா. எனக்கு இதுவரைக்கும் லெட்டர் எழுதற நெலம வந்ததில்ல. எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தையே போடவில்லை. 'இந்த மாடியில் உட்கார்ந்தவர்கள் இருவர், நானும் புஷ்பமும். இருவருக்கும் காரணம் ஒன்றே, கால். சட்டம் எல்லா ஊழியருக்கும் இருக்கை தரச் சொல்கிறது. என்னையும் சேர்த்துப் பதினேழு பேருக்கும், கஸ்டமர் இருக்கும்போதும், வாய்ப்பு கிடைத்தால் உட்கார அனுமதி வேண்டும்.' அக்காவின் மூன்று வரியையும் இணைப்பாகச் சேர்த்தேன். இனி தண்டனை என்றால் இரண்டு பேருக்கும்தான்.

சார் படித்தார். மறுபடி படித்தார். கிழிப்பார் என்று நினைத்தேன்.

"'தாழ்மையுடன்'னு ஒண்ணு சேத்துக்கோ" என்றார்.

கீழே 'நகல்: தொழிலாளர் சங்கம், மந்தைவெளி' என்று இருந்தது.

"இது எதுக்கு?"

"அழகுக்கு சார்" என்றாள் உள்ளே சேலை மடித்துக்கொண்டிருந்த மெஹக்.

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

லீவ். பதில் இல்லை. அக்கா போனில், "வூட்லயே உக்காந்துக்கினு இருக்கச் சொல்லப் போறாங்க, அதான் நடக்கும்" என்று சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கடையில் வேலை தேட வயதாகிவிட்டதாம். நாற்பத்தொன்று.

ஜூலை 11, வெள்ளி

சர்குலர் ஒட்டிவிட்டார்கள்! வாய்ப்பு கிடைக்கும்போது ஊழியர்கள் உட்காரலாம், கஸ்டமர் இருந்தாலும். இன்னும் ஒன்பது ஸ்டூல் வரும். புஷ்பம் அக்காவின் மூன்றாவது கடிதம் கணக்கில் இல்லை.

சங்கத்திலிருந்து ஆபீசுக்குப் போன் போனதாம். நகல் அழகுதான்.

பிளாஸ்டிக் கவரைக் கிழிக்கிற சத்தம். தூணோரம் கிடந்த ஏழு ஸ்டூலையும் பதினாறு பேரும் சேர்ந்து கிழித்தோம். சாருடையதை அவரே கிழித்தார், பல்லால்.

ஜூலை 15, செவ்வாய்

மந்தைவெளிக்குப் போய் சங்கத்தில் சேர்ந்தேன். பதினேழு வயதில் உறுப்பினராகலாம், பொறுப்புக்கு வரப் பதினெட்டு ஆகவேண்டும் என்றார் நீரஜா மேடம். இந்தச் சங்கச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். இன்னும் ஏழு மாதம் என்னை யாரும் மேடையேற்ற முடியாது.

ஜூலை 19, சனி

ஆடித் தள்ளுபடி. மாடியில் கால் வைக்க இடமில்லை. ஒரு அம்மா அறுபது சேலை விரிக்கச் சொன்னாள். புஷ்பம் அக்கா உட்கார்ந்தபடியே அறுபதையும் விரித்தாள். அந்த அம்மா ஜரிகையைத்தான் பார்த்தாள். அக்கா உட்கார்ந்திருந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

ராத்திரி பெரும்பாக்கம் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். துரைப்பாக்கம் தாண்டியதும் கண்டக்டர், "ஏம்மா, சீட்டு காலியா கீது, உக்காரேன்" என்றார்.

"வேணாம்ணா. இன்னிக்கு நெறைய உக்காந்துட்டேன்" என்றேன்.

ஒரு மாதிரி பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார்.