விளிம்பில் தெரிந்த ஐந்தாவது

இன்று காலை பல்கலைக்கழக வாசலில் கிருமிநாசினியின் நெடி அடித்தது. கால்கள் அப்படியே நின்றுவிட்டன. நீ கடைசியாகப் படுத்திருந்த வார்டின் நெடி அது.

கோட்-டெ-நெய்ஜில் உள்ள இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில், அடுத்தடுத்த மேசைகளில் இருந்துதானே இருவரும் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தோம். நீ ஆராய்ந்தது வெகுதொலைவில் உள்ள, வில்லை வடிவ விண்மீன் பேரடை ஒன்றை, அதாவது ஒரு கேலக்ஸியை. அதற்குச் சுருள் கைகள் இல்லை. அதில் புது விண்மீன்கள் பிறப்பதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. சுற்றிலும் நான்கு சின்னப் பேரடைகள். "என்ரை சின்னக் குடும்பம்" என்பாய்.

ஒரு நாள் மதியம், திரையில் அதன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீ என் தோளைத் தட்டினாய்.

"இஞ்ச வா. வலது விளிம்பிலை இருக்கிறது ஒண்டில்லை, ரெண்டு. அஞ்சாவது ஒண்டு இருக்கு!"

குனிந்து பார்த்தேன். "ஒண்டுதானடி இருக்கு."

கோபத்தோடு படத்தைப் பெரிதாக்கினாய். பிறகு கடைக்கண்ணால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய்.

"கீழை எத்தினை பஸ் நிக்குது?"

"ஒண்டு."

"எனக்கு ரெண்டு தெரியுது" என்றாய். என் மணிக்கட்டைப் பிடித்த உன் விரல்கள் சில்லிட்டிருந்தன.

மூளையில் கட்டி என்றார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் பின்னேரம் உன்னைப் பார்க்க வந்தேன். இன்னும் பெரிய தொலைநோக்கியில் எடுத்த படம் அந்த வாரம்தான் வந்திருந்தது. அதிலும் விளிம்பில் ஒன்றேதான் இருந்தது.

"ஒளிக்காமச் சொல்லு. அந்த அஞ்சாவது இருக்கோ?"

உன் முகத்தைப் பார்க்கப் பயந்து, "ஓம், இருக்கு" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "நீயே பயந்து பொய் சொல்லுறாய். அப்ப நான் ஆரோடை கதைக்கிறது?"

"பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு ஓடினேன். மறுநாள் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நீ கண் விழிக்கவே இல்லை.

உன் ஆய்வை நான்தான் முடித்தேன். கட்டுரை நேற்று ஆய்விதழுக்குப் போய்விட்டது. உன் பெயர் முதலில். துணைப் பேரடைகள் நான்கு என்றே எழுதினேன்.

உண்மையைச் சொல்ல அன்று வந்த பயம் என்னை விட்டுப் போகவில்லை. போன மாதம் அம்மா தன் ஸ்கேனைப் பார்த்து டாக்டர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். கதவைத்தான் முதலில் பார்த்தேன். ஆனால் எழும்பவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் பயமாத்தான் கிடக்கு அம்மா" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன்.